உயரம் மட்டும் போதுமா?

கேள்வி: பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புது ரோலர் கோஸ்டர் வாங்கும்போது உயரத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: கூடாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சீடர் பாயின்ட் பூங்கா, 2003இல் 420 அடி உயர டாப் த்ரில் டிராக்ஸ்டரைத் திறந்தது. இரண்டே ஆண்டில் நியூ ஜெர்சியின் கிங்டா கா 456 அடியோடு முதலிடத்தைப் பறித்தது. 2025இல் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சாதனை கூட்டம் சேர்க்குமே என்பீர்கள். சேர்க்கும்தான், ஆனால் இரண்டிலும் ஓட்டம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதே சீடர் பாயின்ட், 1991இல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரின் மரச்சட்டத்தில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டே எஃகுத் தண்டவாளம் பூட்டி, 2018இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கியது. உயரம் 205 அடிதான். ஓட்டமோ சுமார் இரண்டரை நிமிடம், வழிநெடுக உடல் இருக்கையைவிட்டு எழும்பும். உயரத்தைவிட ஓட்டத்தின் தரத்துக்கே பணம் போடுங்கள்.