நெஞ்சகக் குருதிக்குழாய்ச் சொற்கள்: திருநின்றவூர் வழக்காறும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

இதயத்திலும் மார்பிலும் அமைந்த குருதிக்குழாய்களைக் குறிக்கத் தமிழில் நரம்பு, நாடி, நாளம், தமனி, சிரை ஆகிய ஐந்து சொற்கள் வழங்குகின்றன. இவற்றின் பொருளெல்லைகள் ஒன்றோடொன்று மயங்குவதையும், தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் முரண்படும் இடங்களையும் இக்கட்டுரை உறுப்பியல் அடிப்படையில் ஆராய்கிறது. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதி களமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: தமனி, நாடி, நாளம், நரம்பு, பூசலார், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்த திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் அமைந்துள்ளது. பூசலார் நாயனார் தம் மனத்துள் எழுப்பிய கோயிலோடு தொடர்புடையதாகப் போற்றப்படும் இத்தலத்தில், இதய நோயுற்றோரும் அவர்தம் உறவினரும் வழிபடுவது இன்றைய வழக்கம். அதே புறநகரில், அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில், இதய அறுவை மருத்துவமனைகள் இயங்குகின்றன. 1975ஆம் ஆண்டு பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்த மருத்துவர் கே. எம். செரியன் பிற்காலத்தில் மருத்துவமனை நிறுவியதும் முகப்பேரிலேயே ஆகும்.

கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் செல்வோர் ஒரே மக்கள். பேசும் மொழியும் ஒன்றே. ஆயினும், நோயாளர் கூறும் சொல்லும் பாடநூல் கூறும் சொல்லும் ஒரே குழாயைக் குறிப்பதில்லை. அறுவைக்கு ஒப்புதல் அளிக்கும் ஒருவர், தம் உடலின் எக்குழாய் எடுக்கப்படுகிறது, எக்குழாயில் இணைக்கப்படுகிறது என்பதைத் தம் மொழியில் அறிய இயலாத நிலை இதனால் உண்டாகிறது. கலைச்சொல் சிக்கல் இவ்விடத்தில் வாழ்வுச் சிக்கலாகிறது.

1. நெஞ்சு, மனம், இதயம்

தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் மார்பு, இதயம், மனம் ஆகிய மூன்றையும் தழுவி நிற்கிறது. திருக்குறளின் ‘நெஞ்சொடு கிளத்தல்’, ‘நெஞ்சொடு புலத்தல்’ ஆகிய அதிகாரத் தலைப்புகளில் அது மனத்தைக் குறிக்கிறது. ‘நெஞ்சுவலி’ என்னும் இன்றைய வழக்கில் அது மார்பையும் இதயத்தையும் குறிக்கிறது.

பூசலார் வரலாறு இப்பொருள் நகர்ச்சியை ஆராய ஏற்ற சான்றாகும். பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் இவ்வரலாற்றை விரித்துரைத்தார். பொருள் கிட்டாத பூசலார் நினைவினாலேயே கோயில் எழுப்பிக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்கு நாள் குறித்திருந்த காடவர் கோன், இறைவன் கனவில் உணர்த்தியபின் நின்றவூருக்கு வந்து உண்மையறிந்தான். அம்மன்னனைப் பல்லவன் இராசசிம்மன் என ஆய்வாளர் அடையாளப்படுத்துவர்.

இவ்வரலாற்றில் கோயில் எழுந்த இடம் மனமே. குருதியை உந்தும் தசையுறுப்பு அன்று. ‘இருதய ஆலயம்’ என்னும் பெயரிலுள்ள ‘இருதயம்’ பிற்கால வழக்கில் உறுப்பின் பெயராக நிலைபெற்றபோது, மனத்தின் கோயில் இதய நோய் தீர்க்கும் கோயிலாகப் பொருள் விரிவு பெற்றது. ஒரு சொல்லின் பொருள் நகர்ச்சி ஒரு வழிபாட்டு மரபையே வளர்த்திருக்கிறது. சமயத்தில் இந்நகர்ச்சி வளம். மருத்துவத்திலோ அதே நெகிழ்ச்சி இடராகும்.

2. ஐந்து சொற்களும் அவற்றின் பொருட்பரப்பும்

‘நரம்பு’ என்பது யாழின் தந்தியையும் உடலின் இழை போன்ற உறுப்புகளையும் குறித்த பழஞ்சொல். இன்றைய கலைச்சொல் வழக்கில் மூளையோடும் தண்டுவடத்தோடும் இணைந்த உணர்வு, இயக்க இழைகளுக்கு மட்டுமே உரியது. பேச்சுவழக்கிலோ தோலுக்கடியில் நீலமாகத் தெரியும் சிரையே நரம்பு. ‘நரம்பு ஊசி’, ‘நரம்புச் சுருட்டல்’ ஆகிய தொடர்கள் சிரையையே சுட்டுகின்றன.

‘நாடி’, ‘நாளம்’ ஆகிய இரண்டும் உட்டுளையுடைய தண்டு அல்லது குழாய் என்னும் பொருளுடையவை. தாமரைத் தண்டு நாளம் எனப்படுவது அறிந்ததே. சித்த மருத்துவத்தில் நாடி என்பது வாத, பித்த, ஐயங்களை அறியும் துடிப்பாகவும், இடகலை, பிங்கலை, சுழுமுனை உள்ளிட்ட உயிர்வளி வழிகளாகவும் கொள்ளப்படுகிறது. மோவாயையும் ஏட்டுச் சோதிடத்தையும் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறது.

‘தமனி’, ‘சிரை’ என்பன வடமொழி மருத்துவ நூல்களின் வழி வந்தவை. சுசுருத சங்கிதை 700 சிரைகளையும், கொப்பூழிலிருந்து தோன்றும் 24 தமனிகளையும் கூறுகிறது. இன்றைய உறுப்பியலின் வரையறை அதனின்றும் வேறுபட்டது. பழைய சொற்களில் புதிய பொருள் ஏற்றப்பட்டுள்ளது. தமனியின் வேர்ப்பொருள் ஊதுதல். மேலை மொழிகளில் வழங்கும் ‘ஆர்ட்டரி’ என்னும் சொல்லும், அக்குழாய் காற்றைச் சுமக்கிறது என்னும் பண்டைக் கிரேக்கர் கருத்தோடு இயைந்து வளர்ந்தது. தமனிகளில் இருப்பது குருதியே எனக் கேலன் நிறுவினார். குருதிச் சுற்றோட்டத்தை வில்லியம் ஆர்வி 1628இல் வெளியிட்டார். வேர்ப்பொருள் பிழைபட்ட பின்னரும் இரு சொற்களும் நிலைத்தன. எனவே, கலைச்சொல்லின் தகுதி வேர்ப்பொருளில் இல்லை. வரையறையின் தெளிவிலேயே உள்ளது என்பது பெறப்படும்.

3. உறுப்பியல் அமைப்பும் வரையறையும்

தமனி தூய குருதியையும் சிரை அசுத்தக் குருதியையும் கொண்டு செல்லும் என்பது பரவலாக வழங்கும் விளக்கம். இவ்விளக்கம் நெஞ்சகத்திலேயே தவறுகிறது. வலக் கீழறையிலிருந்து புறப்படும் நுரையீரல் தமனி உயிர்வளி குறைந்த குருதியைச் சுமக்கிறது. நுரையீரல் சிரைகள் உயிர்வளி மிக்க குருதியை இட மேலறைக்குக் கொணர்கின்றன. இதயத்திலிருந்து வெளியே கொண்டு செல்வது தமனி, இதயத்தை நோக்கிக் கொண்டு வருவது சிரை என்னும் திசைவழி வரையறையே பொருந்துவதாகும்.

இடக் கீழறையிலிருந்து எழும் பெருந்தமனி, ஏறுபகுதி, வில், இறங்குபகுதி என மூன்றாகப் பகுக்கப்படும். அதன் தொடக்கத்தில், வால்வை ஒட்டிய புடைப்புகளிலிருந்து வல, இட இதயத் தமனிகள் பிரிகின்றன. இடத் தமனி, முன் இறங்கு கிளையாகவும் சுற்றுக் கிளையாகவும் பிரியும். இதயத்தசை சுருங்கும்போது தசையினுள் செல்லும் கிளைகள் நெருக்கப்படுவதால், இடக் கீழறைத் தசை தனக்குரிய குருதியைப் பெரும்பாலும் விரியும் வேளையிலேயே பெறுகிறது. வில்லிலிருந்து கைத்தலைத் தமனித் தண்டு, இடப் பொதுக் கழுத்துத் தமனி, இடக் காறையடித் தமனி என மூன்று கிளைகள் முறையே எழுகின்றன. இறங்குபகுதி விலாவிடைத் தமனிகளையும், மூச்சுக்கிளைக் குழல்களுக்கும் உணவுக்குழலுக்கும் உரிய கிளைகளையும் அளிக்கிறது.

காறையடித் தமனியிலிருந்து பிரிந்து, மார்பெலும்பின் ஓரமாக உட்புறத்தில் இறங்குவது உள்மார்புத் தமனி. மாற்றுவழி அறுவையில் இட உள்மார்புத் தமனியின் கீழ்முனையை விடுவித்து, அடைப்புக்கு அப்பால் முன் இறங்கு தமனியில் இணைப்பர். காலிலிருந்து எடுக்கப்படும் சிரையும் இணைப்புக்குப் பயன்படும். மக்கள் வழக்கில் இவை இரண்டுமே ‘நரம்பை எடுத்து வைத்தல்’ என ஒன்றாகின்றன. உடலமைப்பில் தமனியின் சுவர் தடித்தது. சிரையின் சுவர் மெல்லியது, உள்ளே வால்வுகள் கொண்டது. நீண்டகாலம் அடைபடாது நிலைப்பதில் உள்மார்புத் தமனி சிரையினும் மேம்பட்டது. இவ்வேறுபாட்டை ‘நரம்பு’ என்னும் ஒரே சொல் முற்றிலும் மறைத்துவிடுகிறது.

4. இரு நாட்டு வழக்குகள்

இலங்கையில் தமிழ்வழி மருத்துவக் கல்விக்கு அடித்தளமிட்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழில் மருத்துவம் பயிற்றினார். ‘அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர்தம் முயற்சியில் வெளிவந்தன. வடமொழிச் சொல்லாக்கமும் ஒலிபெயர்ப்பும் அருகருகே ஆளப்பட்டமையை இத்தலைப்புகளே காட்டும்.

இலங்கைப் பாடநூல்கள் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் வழங்குகின்றன. இதயத் தமனி அங்கு முடியுரு நாடி. தமிழ்நாட்டிலோ ‘இரத்த நாளம்’ என்பது தமனி, சிரை இரண்டையும் தழுவிய பொதுப்பெயர். எனவே, ‘இதய இரத்த நாளத்தில் அடைப்பு’ என்னும் தமிழ்நாட்டுச் செய்தி, இலங்கை மாணவருக்குச் சிரையில் அடைப்பு எனப் பொருள்படும். இலங்கை நூலின் ‘நாடி’ தமிழ்நாட்டு வாசகருக்குத் துடிப்பாகத் தோன்றும். ‘முடியுரு’ என்பதில் முடி மகுடத்தைக் குறிப்பினும் மயிர், இறுதி ஆகிய பொருள்களும் இடையிடும். ‘கரோனரி’ என்னும் ஒலிபெயர்ப்பு மயக்கம் தருவதில்லை. ஆயினும், மகுடம்போல் இதயத்தைச் சூழும் அமைப்பை உணர்த்துவதும் இல்லை.

5. சொல்லாட்சிக்குரிய நெறிகள்

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. ஒன்று, ‘குருதிக்குழாய்’ என்பதைப் பொதுப்பெயராகக் கொண்டு, ‘நாளம்’ என்பதைத் தனித்து ஆளாமல் விடுவது இருநாட்டு மயக்கத்தை நீக்கும். இரண்டு, தமனி, சிரை என்பவற்றைத் திசைவழி வரையறையோடு மட்டுமே பயிற்றுதல் வேண்டும். இலங்கை நூல்களை ஆள்வோர்க்கு நாடி, நாளம் என்னும் இணைச்சொற்களை அகராதிகள் நாட்டுக் குறிப்புடன் தருதல் வேண்டும். மூன்று, ஒப்புதல் படிவங்களில் கலைச்சொல்லை அடுத்து, ‘மார்பெலும்பின் உட்புறம் செல்லும் தமனி’, ‘காலின் மேற்சிரை’ என்பனபோல் இடஞ்சுட்டும் விளக்கம் அமைதல் வேண்டும். நோயாளர் ‘நரம்பு’ எனக் கூறுவதைத் தவறென ஒதுக்காமல், அது சுட்டும் குழாயை வினவித் தெளிவதும் இதன்பாற்படும்.

முடிவுரை

குருதிக்குழாய்களைக் குறிக்கத் தமிழில் சொற்குறை இல்லை; சொற்களின் எல்லைகளே வரையறுக்கப்படாதுள்ளன. தமனி எனினும் நாடி எனினும் இழுக்கில்லை. ஒரு நூலுள் ஒரு சொல் ஒரு குழாயையே சுட்டுதல் வேண்டும் என்பதே இன்றியமையாதது. திருநின்றவூரில் ‘இருதயம்’ மனமாகவும் உறுப்பாகவும் நிற்பது வழிபாட்டுக்குத் தடையன்று. முகப்பேரில் கையொப்பமிடும் ஒருவருக்குத் தமனியும் சிரையும் வேறெனத் தமிழ் தெளிவாக உணர்த்துதல் வேண்டும். இருநாட்டுப் பாடநூற் சொற்களை உறுப்பியல் படங்களுடன் ஒப்பிட்டுத் தொகுக்கும் இணை அகராதி இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.