வெந்நீர் வராத கீசரும் அடுப்பு பாய்லரும்: விருதுநகர், சிவகாசி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

இந்த வெயில் ஊரில் கீசர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் வேலை முடிந்து, அலுமினியத் தூள் அப்பிய கையோடு வீடு திரும்புகிறவர்களுக்கு வெந்நீர் அன்றாடத் தேவை. அது நின்றுபோனால் ஆளைக் கூப்பிடும் முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு.

1. முதலில் பிளக்கை உருவிவிட்டு மெயினை இறக்குங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், அணைத்த பிறகும் காயில்வரை கரண்ட் இருக்கும். தண்ணீரைத் தொட்டதும் ஷாக் அடித்தால் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம், எலக்ட்ரீசியன் வந்து எர்த்தைப் பார்க்கட்டும்.

2. கீசரின் விளக்கே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். விளக்கு எரியவில்லை என்றால் கரண்ட் வரவில்லை, அல்லது சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட் விழுந்திருக்கிறது. விளக்கு எரிந்தும் தண்ணீர் பச்சையாகவே இருந்தால் பெரும்பாலும் காயில் போயிருக்கும். 2000 வாட் காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும்.

3. பிளக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

4. கீழ்மூடிக்குள் தெர்மோஸ்டாட் பக்கத்தில் சிறு பொத்தான் இருக்கும். கட்-அவுட் விழுந்திருந்தால், கரண்ட் இல்லாதபோது அதை அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். கட்-அவுட்டை விட்டுவிட்டு நேராக வயரைச் சேர்த்துக் கொடுக்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். டேங்க் வெடிக்காமல் காப்பது அந்தச் சிறு பொருள்தான்.

5. வெந்நீர் வருகிறது, ஆனால் நேரம் இழுக்கிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 2000 வாட் கீசரில் 15 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற, 230 வோல்ட்டில் 16 நிமிடம் ஆகும். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே வேலைக்கு 26 நிமிடம். அது கீசரின் குற்றமில்லை.

6. எங்கள் பக்கத்துக் கீசர்களுக்குப் பெரிய எதிரி போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிந்து காயில்மேல் வெள்ளை ஓடாகக் கட்டுகிறது. உள்ளிருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் வெடித்துவிடும். கொதிக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் வரும் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, காயிலைக் கழற்றி, எலுமிச்சை உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே அனோடு கம்பி இருக்கும். அது தான் அரிபட்டு டேங்கைக் காப்பது, மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். திறந்த கையோடு வாஷரும் புதிது போடுங்கள். தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் வைக்காதீர்கள், சூடு கூடக்கூட உப்பும் வேகமாகக் கட்டும். குழாயில் நல்ல தண்ணீர் வரும் வீடுகளில் கீசருக்கு அந்த இணைப்பைக் கொடுப்பதே நல்லது.

7. சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தால் பயப்பட வேண்டாம். அதை அடைக்க மட்டும் அடைக்காதீர்கள்.

8. மாடியில் சோலார் இருந்தால் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடையுங்கள், அதிகாலையில்.

9. செம்பு பாய்லர் வைத்திருப்பவர்கள், தண்ணீர் நிரப்பிய பிறகே தீ மூட்ட வேண்டும். வெறும் பாய்லரில் தீ பட்டால் பற்றவைத்த இடம் இளகி ஒழுகத் தொடங்கும். தீ நன்றாக எரிந்தும் சூடு ஏறவில்லையா? நடுக்குழாயில் கரி அடைத்திருக்கும். ஆறிய பிறகு நீளக் கம்பியில் துணி சுற்றி இழுங்கள், அடிச்சாம்பலை அள்ளுங்கள்.

10. அந்த பாய்லருக்குள் என்ன போடுகிறோம் என்பதுதான் இந்தப் பகுதியில் உயிர்க் கேள்வி. விறகு, தேங்காய்ச் சிரட்டை, மட்டை போதும். அச்சாபீஸில் காலண்டர் ஓரம் வெட்டிய தாள் சும்மா கிடைக்கிறது என்று திணித்தால், எரிந்த துண்டுகள் காற்றில் பறந்து எங்கே விழும் என்று தெரியாது. பட்டாசு ஆபீஸிலிருந்தோ தீப்பெட்டி ஆபீஸிலிருந்தோ வந்த குழாய், அட்டை, திரித் துண்டு, தலை நனைத்த குச்சி எதுவும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது. காலிக் குழாய் என்று நினைப்பதன் அடியில் மருந்து ஒட்டியிருக்கலாம். அலுமினியம் கலந்த மருந்து லேசாக ஈரம் பட்டாலே தானாகச் சூடேறக்கூடும். வேலைக்கு உடுத்திய துணியைப் பாய்லர் பக்கம் காயப் போடாதீர்கள். தனி வாளியில் நிறையத் தண்ணீர் விட்டு முக்கி வைத்து, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். விறகுக் குவியலில் சந்தேகப்படும்படி மூட்டை எதுவும் இருந்தால் அவிழ்க்காமல், இழுக்காமல், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு 101-க்குப் போன் செய்யுங்கள்.