வாயிலை மறைக்கும் நஞ்சு

கருப்பையின் மேற்பாகத்தில் பற்றியிருத்தற்குரிய நஞ்சு, சிலருக்குக் கீழ்ப்பாகத்தில் பற்றி, அதன் வாயை மறைத்துக் கிடக்கும். பிந்திய மாதங்களில் நோவின்றி உதிரம் போவதே இதன் முதன்மையான அறிகுறி. நோவில்லையே என்று வீட்டிலிருத்தல் பேரபாயம். நஞ்சின் இடமறியாமல் விரலிட்டுச் சோதித்தல் அதனினும் அபாயம். அவ்விடத்தை ஸ்கேன் காட்டும். 20ஆம் வாரத்தில் தாழ்ந்து தோன்றும் நஞ்சு, கருப்பை வளர வளரப் பெரும்பாலும் விலகிவிடுமாதலின், 32ஆம் வாரத்தையொட்டி மீண்டும் நோக்குவர்.

நஞ்சின் விளிம்பு வாய்க்கு 2 செ.மீ.க்கு மேல் அப்பாலிருப்பின் இயற்கைப் பிரசவம் கூடும். வாயை மூடியிருப்பின் சிசேரியன் ஒன்றே வழி. ஏனெனில், வாய் விரியுந்தோறும் நஞ்சு பிரிந்து தாயின் உதிரம் பெருகும். வேறு தீங்கு நேராதாயின், 36, 37ஆம் வாரங்களில், பிறருதிரம் ஆயத்தமாக வைத்தே அதனைச் செய்வர். அவ்வுதிரம் மருந்துக் கடையில் கிடைப்பதன்று. நாம் கொடுத்தாலன்றி இல்லை.