ஊக்க மருந்தும் விளையாட்டு அறமும்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. உள்ளத்திற்கு உவகை அளிப்பது. தோல்வியைத் தாங்கும் திண்மையையும், வெற்றியில் செருக்குறாத பண்பையும் ஆடுகளம் இளைஞர்க்குக் கற்பிக்கின்றது. ஆயினும், எவ்வாறேனும் வெல்ல வேண்டும் என்னும் வேட்கை மிகும்பொழுது இப்பயன்கள் யாவும் அழிகின்றன. அவ்வேட்கை சிலரை ஊக்க மருந்தின்பால் ஈர்க்கின்றது.

தென் கொரியாவின் தலைநகராகிய சியோலில் 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் நிகழ்ந்தன. செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் 100 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடைபெற்றது. வேட்டொலி கேட்ட அளவில், கனடா நாட்டு வீரர் பென் ஜான்சன் வில்லினின்றும் விடுபட்ட அம்பெனப் பாய்ந்தார், 9.79 நொடியில் எல்லைக் கோட்டைக் கடந்தார். அமெரிக்க வீரர் கார்ல் லூயிஸ் அவருக்குப் பின்னரே வர முடிந்தது. அரங்கம் ஆரவாரித்தது, கனடா நாடு களிப்பில் மூழ்கியது.

அக்களிப்பு மூன்று நாள்களே நிலைத்தது. ஜான்சனின் சிறுநீரை ஆய்ந்தபொழுது, அதில் ஸ்டனசோலால் என்னும் மருந்து கலந்திருந்தமை புலனாயிற்று. தங்கப் பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டு லூயிசுக்கு அளிக்கப்பட்டது. 1989இல், கனடா அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின்முன், பல ஆண்டுகளாகத் தாம் இத்தகைய மருந்துகளை உட்கொண்டு வந்ததை அவர் ஒப்புக்கொண்டார். அதனால், 1987இல் ரோம் நகரில் அவர் நிகழ்த்திய 9.83 நொடிச் சாதனையும் நீக்கப்பட்டது.

ஸ்டனசோலால், ஆண்களின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஒரு சுரப்புநீரைப் போன்று தொழிற்படுவது. அது தசையைப் பெருக்கும். ஆனால், கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். வேறு சில மருந்துகள் களைப்பை மறைப்பவை. களைப்பு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை அன்றோ? அதனை அடக்குவது, வீட்டில் தீப்பற்றியதை அறிவிக்கும் மணியின் நாவைக் கட்டிவிடுவதை ஒக்கும். 1967ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சுற்றி நடைபெற்ற மிதிவண்டிப் போட்டியில், ஆங்கில வீரர் டாம் சிம்சன் கடும் வெயிலில் வெந்தூ மலைமீது ஏறினார்; இடையில் வீழ்ந்தார். மீண்டும் வண்டியில் ஏறிச் சிறிது தொலைவு சென்று, மறுபடியும் வீழ்ந்து உயிர் துறந்தார். களைப்பை மறைக்கும் ஆம்பெட்டமின் என்னும் மருந்து அவர் உடலில் இருந்தது. அப்பொழுது அவருக்கு அகவை 29.

இத்தீமையைத் தடுக்க, 1968ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் போட்டிகளில் மருந்துச் சோதனை நடத்தப்பட்டு வருகின்றது. 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமும் தோன்றியது. எனினும், சோதனைக்கு அஞ்சி நேர்மையாக நடப்பதினும், நேர்மையை விரும்பி நடப்பதே சிறப்பு.

மருந்து உண்டு வென்றவன் பிறருடைய பரிசை மட்டும் கவர்வதில்லை, தன்னையும் இழக்கின்றான். ஜான்சன் இயல்பிலேயே விரைந்து ஓட வல்லவர், கடுமையாகப் பயின்றவர். மருந்தை நாடாதிருந்தால் சியோலில் அவர் எத்துணை விரைவாக ஓடியிருப்பார் என்பதை இன்று எவரும் கூற இயலாது. அவராலும் கூற இயலாது. தன் ஆற்றலின் உண்மையான அளவைத் தானே அறிய முடியாமற்போவதினும் பெரிய தோல்வி வீரனுக்கு வேறு யாது?