கோழியிடமே கேட்டுப் பார்ப்போம்!



எங்கள் வீட்டில் நான்கு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. போன மாசம் அப்பா, "கோழிக்கூட்டுக்கு சிமெண்ட் தரை போட்டுடலாம், கழுவ சுலபம்" என்றார். அம்மாச்சி, "மண்ணுதான் கோழிக்குச் சேரும்" என்றார். யார் சொல்வது சரி? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "கோழிகிட்டயே கேட்டுப் பாரேன்" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால் டீச்சர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

1964-இல் பிரிட்டனில் ரூத் ஹாரிசன் என்பவர், பண்ணைகளில் விலங்குகள் அடைத்து வளர்க்கப்படுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதனால் அரசு, பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு அமைத்தது. விலங்குக்கு நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட இடம் வேண்டும் என்று 1965-இல் அக்குழு சொன்னது. கூண்டின் அடியில் மெல்லிய அறுகோணக் கம்பிவலை கூடாது என்றும் சொன்னது. 1973-இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். கோழிகள் விரும்பியதோ அந்த மெல்லிய வலையைத்தான்! அதில் பாதத்துக்கு அதிக இடங்களில் பிடிமானம் கிடைக்கிறதாம். இதற்குப் பெயர் விருப்பத் தேர்வுச் சோதனை.

நானும் செய்தேன். கொல்லையில் ஒரு சிமெண்ட் பலகை, பக்கத்தில் அதே அளவுக்கு மண்ணைக் கொத்திச் சாம்பல் கலந்த இடம். தினமும் மதியம் 20 நிமிடம், நிமிடத்துக்கு ஒரு தடவை எந்தக் கோழி எங்கே என்று நோட்டில் குறித்தேன்.

முதல் மூன்று நாளும் கோழிகள் சிமெண்டில்தான் இருந்தன. அப்பாவுக்கு ஒரே சிரிப்பு! நாலாம் நாள்தான் கவனித்தேன். பலகை முருங்கை நிழலில் கிடந்தது, மண் வெயிலில் இருந்தது. நான் தரையைப் பற்றிக் கேட்டேன், கோழி நிழலைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறது!

இரண்டையும் நிழலுக்குக் கொண்டுவந்தேன். தினமும் இடப்பக்கம் வலப்பக்கம் மாற்றினேன். இப்போது கோழிகள் மண்ணுக்கே போயின. கிளறின, படுத்துப் புரண்டு இறகுக்குள் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டன. இந்த மண் குளியல் இறகில் தங்கும் எண்ணெய்ப் பசையைக் குறைக்கிறது, பேனையும் குறைக்க உதவுகிறது.

விருப்பம் மட்டும் போதுமா? நம்மைக் கேட்டால் தினமும் ஐஸ்தானே கேட்போம்! ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியை மரியன் டாகின்ஸ் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறார்: விலங்கு ஆரோக்கியமாக இருக்கிறதா? அதற்கு வேண்டியது கிடைக்கிறதா?

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, பாதி சிமெண்ட், பாதி மண்ணு" என்றார். அம்மாச்சி சாம்பல் அள்ளப் போய்விட்டார்.

நண்பர்களே, நீங்களும் உங்கள் வீட்டு ஆட்டிடம், மாட்டிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள், பயமுறுத்தாதீர்கள். பதில் தப்பாகத் தெரிந்தால், முதலில் உங்கள் கேள்வியைச் சரிபாருங்கள்!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி