பழைய மோட்டார் வண்டிக்குப் பிளக் வயர் தெரிதல்

1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின்னர் வன்னிக்குப் பெற்றோல் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டது. 2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்படும் வரையில், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்தன. காபுறேற்றரிற் சிறிது பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் அக்கால வழக்கம். அவ்வண்டிகளுள் எஞ்சியவற்றைப் பேணுவோர் பிளக் வயரின் இயல்பை அறிதல் நன்று.

பற்றரியின் 12 வோல்ற் மின்னைக் கொயில் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்துகின்றது. டிஸ்ரிபியூட்டர் அதனை 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில் நான்கு பிளக்குகளுக்கும் பகிர்கின்றது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையாற் பிளக்கிற் புகைக்கரி படியும். கரி மின்னைக் கடத்துமாதலால், மின் இடைவெளியைத் தாண்டாது கரிவழியே ஒழுகிப் பொறி மெலியும். ஏற்கெனவே மெலிந்த பொறி, வயரிலும் இழப்பு நேரின் முற்றாக அற்றுப்போகும்.

ஆகவே முதலில் நோக்கவேண்டியது வயரின் நடுவிழை. செப்பிழை வயரும் கரியிழை வயரும் கடைகளில் உள. பழைய டிஸ்ரிபியூட்டர் மூடிகள் பலவற்றிற் கூர்முனைத் திருகாணியொன்று வயரைத் துளைத்து இழையைத் தொடும். செப்பிழையை அது நன்கு பற்றும்; கரியிழையையோ சிதைத்துவிடும். ஆதலால் அத்தகைய மூடிக்குச் செப்பிழையே தகும். வானொலியில் இரைச்சல் எழுமாயின், பிளக்கின் முனையில் 5000 ஓம் தடையுள்ள தொப்பியை இடலாம். ஆனால் பொயின்ற் நீக்கி இலத்திரன் எரிபற்றல் பொருத்திய வண்டிக்கு, அதனைச் செய்தோர் விதித்த தடைவயரே வேண்டும். செப்பிழை எழுப்பும் மின்குழப்பம் அக்கருவியைத் தாக்கக்கூடும்.

அடுத்தது மேலுறை. பிளாஸ்ரிக் உறை இயந்திரச் சூட்டில் இளகும். சிலிக்கன் இறப்பர் உறை அதனைத் தாங்கும். பருமன் மிகுந்தது சிறந்ததென எண்ணற்க. பழைய மூடிகளின் துளை 7 மில்லிமீற்றர் வயருக்கே அமைந்தது. 8 மில்லிமீற்றர் வயர் அதனுட் செல்லாது.

மாரி தொடங்குமுன் வயர்களைச் சோதித்தல் வேண்டும். இருளில் இயந்திரத்தை ஓடவிட்டு, கை படாது தள்ளி நின்று நோக்குக. வயரின்மீது நீலப்பொறி தோன்றின் உறை வெடித்துள்ளது என்பது தெளிவு. ஓம்மானியாற் பார்க்குமிடத்துச் செப்பிழை ஏறத்தாழச் சுழியத்தைக் காட்டும். கரியிழை சில ஆயிரம் ஓம் காட்டும். எதுவும் காட்டாவிடின் இழை அறுந்ததென்க.

விலை மிக்கதை நாடாது பொருந்துவதைத் தெரிதலே அறிவுடைமை. பெற்றோல் இன்றியும் வண்டி ஓடிற்று. பொறி இன்றி ஓடியதில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களும், பொறியியல் பயில விழையும் மாணவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.