ஒரே தானில் கிழித்த வெள்ளை

பிரம்மதேசம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உப்பளம் மாதிரி நீ தைத்த குயில்ட் போர்வையை மூன்று நாளாக வாசல் கொடியில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். தையலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூலை மடிப்பில் நீ என்னைவிடச் சுத்தம். ஆனால் அந்த வெள்ளை! பதினாறு பாத்திக்கும் ஒரே தானில் கிழித்த பாப்ளின். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. மரக்காணம் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்ததே இல்லையா? தண்ணீர் சுண்டச் சுண்டப் பாத்தியில் இளஞ்சிவப்பு ஏறும். வாரிக் கரையில் போட்ட உப்பில் சேற்றுச் சாம்பல் தெரியும். நாள்பட்ட அம்பாரம் பழுப்படிக்கும்.

கடைத்துணி என்றாலே இவளுக்கு ஆகாது என்பார்கள். ஆகாதுதான். உன் வீட்டிலேயே நாலு வெள்ளை கிடக்கிறதே! சொட்டு நீலம் கூடிப்போன பள்ளிச் சட்டை, மஞ்சளடித்த அப்பாவின் வேட்டி, கஞ்சி ஏறிய தலையணை உறை, நைந்த பனியன். போதாதென்றால் டீத்தூள் கொதித்த தண்ணீரில் கால்மணி நேரம் முக்கு. கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய துணியைத் துருப்பிடித்த ஆணி போட்ட தண்ணீரில் நனைத்துப் பார், அளத்துச் சேற்றின் நிறமே வரும். அடுக்கி வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடு. எல்லாம் ஒன்றாகத் தெரிந்தால் பிரித்துவிடு.

அமெரிக்காவில், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், 1942இல் மிசௌரி பெட்வே தன் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். வெளுத்ததும் கறைபட்டதும் அப்படியே இருக்கும். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகளை 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. அளத்தில் புடவைமேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு கூடை சுமக்கிறார்களே, அந்தச் சட்டையில் ஒன்றைக் கேட்டு வாங்கத் தோன்றவில்லையா உனக்கு?

என் அம்மா பழம்புடவை இரண்டைச் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுத் தம்பிக்கு விரிப்பு தைத்தாள். அரக்கும் கிளிப்பச்சையும். பொருந்தாது என்று நான் சண்டை போட்டேன். “பிள்ளை இருட்டில் எங்கே கிடக்கிறான்னு தெரியணும்டீ” என்றாள். சுனாமிக்குப் பிறகு ஆரோவிலின் உபாசனா நிறுவனத்தில் மீனவப் பெண்கள் தையல் வெட்டுத்துணியில் சுனாமிகா பொம்மை செய்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொம்மையைப் பார்த்தபோதும் அம்மா ஞாபகம்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இடது மூலையில் கட்டம்போட்ட லுங்கியைக் குறுக்கே வெட்டி, பின்பக்கம் தெரிய வைத்திருக்கிறாயே, அது எப்படித் தோன்றியது? முப்பது வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. கழுவெளி ஏரித் தண்ணீரில் மேகம் இறங்கியது மாதிரி இருக்கிறது. அந்த ஒரு சாண் துணிக்காக மீதியை மன்னித்துவிட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வா. அப்புறம் அம்பாரத்தை எல்லாம் மூடிவிடுவார்கள்.

பெரியம்மா